லேசர் அளவீட்டை வைத்துத் திட்ட அனுமதி கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தில் வீட்டை நீட்டிக் கட்டவோ மாடி எழுப்பவோ விரும்புவோர், கட்டடத்தை லேசர் ஸ்கேனரால் அளந்து, அதிலிருந்து முப்பரிமாண மாதிரி உருவாக்கி, உள்ளாட்சி மன்றமான கவுன்சிலுக்குத் தர வேண்டிய வரைபடங்களை எடுப்பது இப்போது பரவலாகிவிட்டது. சில மில்லிமீட்டர் துல்லியம் கிடைப்பதால், எடுத்த அளவுகளை மறுபடி சோதிக்க வேண்டியதில்லை என்ற எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது. ஆனால் ஸ்கேனர் இன்று கண்ணெதிரே நிற்பதைத்தான் அளக்கும். திட்டமிடல் சட்டம் கேட்பதோ பல இடங்களில் வேறொன்று.

தனி விண்ணப்பம் இல்லாமலே கட்டக்கூடியவற்றை வரையறுக்கும் 2015ஆம் ஆண்டு ஆணை, ‘மூல வீடு’ என்பதை அடிப்படையாகக் கொள்கிறது. 1948 ஜூலை 1 அன்று வீடு எப்படி இருந்ததோ அதுவே மூல வீடு. அதற்குப் பின் கட்டியதானால், முதன்முதலில் கட்டி முடித்த நிலை. பக்கத்து வீடுகளோடு சுவர் ஒட்டி நிற்கும் வரிசை வீட்டின் பின்புறம் வழக்கமாக அனுமதிக்கப்படும் 3 மீட்டர் ஒற்றைத் தள நீட்டிப்பை மூலப் பின்சுவரிலிருந்தே அளக்க வேண்டும். முந்தைய உரிமையாளர் எழுபதுகளில் சேர்த்த சமையலறைச் சுவரும் மாதிரியில் மற்றச் சுவர்களைப் போலவே தெரியும் என்பதால், அங்கிருந்து 3 மீட்டர் போடுவது மிக எளிதாக நேரும் பிழை. பழைய நிலப்படங்களையும் கவுன்சிலின் பழைய கோப்புகளையும் பார்த்து, பின்னால் சேர்ந்த பகுதிகளை மாதிரியில் முதலிலேயே பிரித்துக் குறித்துவிட வேண்டும்.

உயரத்திலும் இதே சிக்கல் உண்டு. கட்டடத்தை ஒட்டிய தரை சமமாக இல்லாவிட்டால், அதன் மிக உயர்ந்த பகுதியிலிருந்து உயரத்தைக் கணக்கிட வேண்டும். தரைமேல் பாவிய மரப்பலகைத் தளம் போன்றவை தரையாகாது என்று அரசின் விளக்கக் குறிப்பு கூறுகிறது. ஸ்கேனருக்கோ பலகைத் தளம்தான் தரை. தளத்தின் விளிம்பில் மண் தெரியும் இடத்தைத் தேடி அளவு எடுக்க வேண்டும். அதையும் மண்ணை வெட்டத் தொடங்குவதற்கு முன்பே செய்துவிட வேண்டும்.

அளவீட்டு வேலையில் நான் மிக முக்கியமானதாகக் கருதுவது, பல இடங்களில் நின்று எடுத்த ஸ்கேன்களை ஒரே மாதிரியாக இணைக்கும் கட்டம். வரிசை வீடுகளில் தெருப்பக்கத்தையும் தோட்டத்தையும் இணைப்பது பெரும்பாலும் ஒரு குறுகிய நடைபாதையில் எடுத்த இரண்டு மூன்று ஸ்கேன்கள் மட்டுமே. அங்கே 0.1 பாகை கோணப் பிழை நுழைந்தாலும் 30 மீட்டர் தள்ளி அது 5 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்துவிடும். மென்பொருளோ எல்லாம் சரியாகப் பொருந்திவிட்டதாகவே அறிக்கை தரும். வீட்டின் இருபுறமும் கோணத்தையும் தொலைவையும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவியால், ஒப்பிட்டுப் பார்க்க உதவும் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் வைத்துச் சரிபார்ப்பதைச் செலவு என்று தவிர்க்கக் கூடாது.

தரையில் நின்று எடுத்த ஸ்கேனில் கூரை முழுமையாக வராது. லண்டனின் பழைய வீடுகள் பலவற்றில் முன்பக்கக் கைப்பிடிச்சுவருக்குப் பின்னே நடுவில் தாழ்ந்த கூரை மறைந்திருக்கும். அதை ஊகித்து வரைந்தால் மாடி நீட்டிப்பைக் குறுக்கே வெட்டிக் காட்டும் வெட்டுப்படமே பொய்யாகிவிடும். டிரோனோ ஏணியோ இல்லாமல் அந்த இடத்தை நிரப்பக் கூடாது. கோணல் சுவர்களை மாதிரியில் செங்கோணமாகத் திருத்துவதும், பாதுகாக்கப்பட்ட பழங்கட்டடத்தின் சன்னல்களுக்குப் பதிலாக மென்பொருளில் இருக்கும் ஆயத்தச் சன்னல்களை வைப்பதும் எனக்கு உடன்பாடில்லாதவை. அந்தக் கோணலும் அந்தச் சன்னல் மரச்சட்டங்களின் மெலிவுமே அங்கே காக்கப்பட வேண்டியவை.

ஸ்கேனில் அண்டை வீட்டுத் தோட்டமும் சன்னல்களும் பதிவாகிவிடும். விண்ணப்ப ஆவணங்களை யாரும் பார்க்கலாம் என்பதால், வரைபடத்துக்குத் தேவையற்ற அத்தகைய படங்களை நீக்கிய பிறகே அனுப்ப வேண்டும்.

எல்லைக்கோட்டைப் பொறுத்தவரை, வேலி எங்கே நிற்கிறது என்பதை மட்டுமே ஸ்கேன் சொல்லும். நிலப் பதிவேட்டின் வரைபடமும் பெரும்பாலும் பொதுவான எல்லையையே காட்டுவதால், ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்த்து உரிமையை முடிவு செய்ய இயலாது. புதிய சுவரின் அடித்தளமோ மழைநீர் வடியும் கூரைப் பீலியோ அண்டை நிலத்துக்குள் நீள்வதாக இருந்தால், நிலம் முழுவதும் தமக்கே உரியது என்று கூறும் விண்ணப்பத்தின் ‘ஏ’ உரிமைச் சான்றிதழில் கையொப்பமிடக் கூடாது. அண்டை நில உரிமையாளருக்கு முறைப்படி அறிவிப்புக் கொடுத்து ‘பி’ சான்றிதழை இணைக்க வேண்டும். ஆகவே தரைத்தள வரைபடத்தோடு நின்றுவிடாமல், அடித்தளமும் பீலியும் தெரியும் வெட்டுப்படத்தையும் பார்த்த பிறகே சான்றிதழைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.