பெருவித்து வேறு, முட்டை வேறு: பன்னிரண்டாம் வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியில் சாயங்காலம் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறேன். வருடா வருடம் பெருவித்துருவாக்கம் (சூலுக்குள் பெண் வித்துகள் உண்டாகும் பாடம்) நடத்தி முடித்ததும் நோட்டைத் திருத்த உட்கார்ந்தால் இந்த வரி கட்டாயம் கண்ணில் படும்: "பெருவித்து தாய் செல் குன்றல் பகுப்படைந்து முட்டையை உருவாக்குகிறது." மதிப்பெண் போவது ஒரு பக்கம் இருக்கட்டும், இந்த வரியில் தடுக்கினால் அடுத்து வரும் கருப்பை (செடியின் சூலுக்குள் முட்டையைக் கொண்ட பை), இரட்டைக் கருவுறுதல் எதுவுமே மனதில் ஒட்டாது.

விலங்குகளில் குன்றல் பகுப்பு (குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகும் செல் பிரிவு) முடிந்தால் நேராக முட்டைதான், விந்துதான். அந்தப் பழக்கத்தில் செடிக்கும் அப்படியே எழுதிவிடுகிறார்கள். செடியில் குன்றல் பகுப்பு தருவது வித்து. சூல், அதாவது பின்னால் விதையாகும் பகுதி, அதன் திசுவுக்குள் இருக்கும் இருமடிய (இரண்டு தொகுதி குரோமோசோம் உள்ள) தாய் செல், பெரும்பாலும் சூலுக்கு ஒன்றே ஒன்று, பிரிந்து நான்கு ஒற்றைமடியப் பெருவித்துகளைத் தருகிறது. பெருவித்துருவாக்கம் அதோடு முடிந்தது. பிறகு ஒரு பெருவித்து மூன்று முறை மைட்டாசிஸ் (குரோமோசோம் எண்ணிக்கை குறையாத பிரிவு) அடைந்து 8 உட்கருக்கள், 7 செல்கள் கொண்ட கருப்பையாக மாறுகிறது, அந்த ஏழில் ஒன்றுதான் முட்டை. இரண்டும் வேறு வேறு கட்டம், வேறு வேறு பெயர்.

அடுத்த தவறு, நான்கில் எது பிழைக்கிறது என்பது. முட்டை சூல்துளைப் பக்கம் (சூலின் நுனியில் உள்ள சிறு திறப்பின் பக்கம்) இருப்பதால் பிழைக்கும் வித்தும் அந்தப் பக்கம்தான் என்று படம் வரைந்துவிடுகிறார்கள். இதற்கு நம் ஊர் வீட்டையே சொல்லுவேன். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, கடைசியில் அடுப்படி. முகப்புதான் சூல்துளை, மகரந்தக் குழாய் பொதுவாக அந்த வழியாகத்தான் வரும் (சவுக்கு மரத்தில் அது பின்வாசலான சலாசா (சூல்துளைக்கு எதிர்முனை) வழியாக நுழைவதை 1891-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள்). சூல்காம்பு வழியாக வரும் உணவு சலாசாவில் வந்து இறங்குகிறது, அதனால் அதுதான் அடுப்படி. நான்கு வித்துகளும் வரிசையாக நிற்கின்றன. பெரும்பாலான பூக்கும் தாவரங்களில் அடுப்படிப் பக்கம் உள்ளது பிழைக்கும், முகப்புப் பக்கம் உள்ள மூன்றும் சிதைந்துவிடும். பிழைத்தது அந்த மூன்றின் இடத்தையும் அடைத்துக்கொண்டு முன்னால் வரை வளர்கிறது, அதனால்தான் முட்டை கடைசியில் சூல்துளை ஓரத்தில் வந்து அமைகிறது. இது பாலிகோணம் வகை, ஸ்ட்ராஸ்பர்கர் 1879-ல் பாலிகோணம் செடியில் விவரித்ததால் அந்தப் பெயர். ஈனோத்திரா என்ற செடியில் இதற்கு நேர்மாறாக சூல்துளைப் பக்க வித்து பிழைக்கும், அதன் கருப்பையில் 4 உட்கருக்கள்தான்.

எனக்கு ரொம்ப வருத்தம் தரும் குழப்பம் ஆய்வகத்தில் வருவது. நுண்ணோக்கியில் பிள்ளைகளுக்குக் காட்டும் ஸ்லைடு பல நேரம் லில்லிதான், உட்கருக்கள் பெரிதாகத் தெளிவாகத் தெரியும் என்பதற்காக. ஆனால் லில்லி பாலிகோணம் வகையே இல்லை! அதில் குன்றல் பகுப்புக்குப் பிறகு சுவர் விழுவதில்லை, நான்கு உட்கருக்களில் எதுவும் சாவதில்லை, மூன்று சலாசா பக்கம் போய் ஒன்றாகச் சேர்ந்து மும்மடியமாகிவிடும். பாடப்படத்தில் உள்ள நான்கு வித்து வரிசையை அந்த ஸ்லைடில் தேடிய ஒரு பெண், "சார், எனக்குத்தான் பார்க்கத் தெரியலையா?" என்று கேட்டாள். அவள் சரியாகத்தான் பார்த்தாள், வரிசை அங்கே இல்லை.

அப்புறம் பெயர். 'பெரு' என்பதை வைத்து நுண்வித்தைவிட (மகரந்தமாகும் ஆண் வித்தைவிட) பெரிதாகத்தான் இருக்கும் என்று எழுத வேண்டாம். விதைத் தாவரங்களில் அளவை வைத்து அப்படிச் சொல்ல முடியாது, பெண் கேமீட்டகத் தாவரத்தை (முட்டையை உண்டாக்கும் ஒற்றைமடியக் கட்டம், பூக்கும் செடியில் கருப்பைதான் அது) தருவது என்பதுதான் பொருள். பெரணி வித்து போல் இது வெளியே பறப்பதும் இல்லை, சூலுக்குள்ளேயே தங்கிவிடும்.

மகரந்தம் விழுந்த பிறகுதான் இதெல்லாம் தொடங்கும் என்பது இன்னொரு தவறு. வீட்டுக் கொல்லையில் கத்தரிச்செடி இருந்தால் விரியாத மொட்டு ஒன்றைப் பறித்து சூலகத்தை பிளேடால் குறுக்கே அறுத்து, கைலென்ஸில் பாருங்கள். ரவையைவிடச் சின்னதாக வெள்ளை மணிகள் நெருக்கி ஒட்டியிருக்கும். ஒவ்வொன்றும் ஒரு சூல். தாய் செல் பிரிவதெல்லாம் இந்த மொட்டுப் பருவத்து வேலை, பூ விரியும்போது கருப்பை பெரும்பாலும் தயாராகிவிடும். ஆனால் இதையே எல்லா விதைத் தாவரத்துக்கும் பொதுவாக எழுதிவிடாதீர்கள். ஆர்கிட்களில் மகரந்தம் விழுந்த பிறகுதான் சூலே முழுதாக உருவாகும். ஊசியிலை மரமான பைனில் மகரந்தம் சூலுக்குள் வந்த பிறகே தாய் செல் குன்றல் பகுப்படையும், கருவுறுதலுக்கு அதற்கு மேலும் ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும்.

பூக்காத விதைத் தாவரமான சைகஸ் பற்றிக் கேள்வி வந்தால் ஒன்றைக் கவனியுங்கள். அதிலும் நான்கில் ஒரு வித்துதான் மிஞ்சும், ஆனால் அது எட்டு உட்கருவோடு நிற்காது, சுவரில்லாமல் ஆயிரத்துக்கும் மேல் உட்கருக்களாகப் பெருகி, பிறகு சுவர் விழுந்து முழு பெண் கேமீட்டகத் தாவரமாகிறது. விதையில் வெள்ளையாக இருக்கும் உணவுத் திசு அதுதான், கருவுறுவதற்கு முன்பே உண்டான ஒற்றைமடியத் திசு. தேங்காய்ப் பருப்பு கருவுற்ற பிறகு உண்டான மும்மடியம். இரண்டுக்கும் கருவூண் என்றே பெயர் சொல்வதால் பிள்ளைகள் இரண்டையும் மும்மடியம் என்று எழுதிவிடுகிறார்கள்.