கை வலிக்குக் கழுத்தில் ஊசி: நரம்பு பிளாக் போட்டுக்கொள்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மணிக்கட்டு எலும்பு முறிந்து மாவுக்கட்டு போட்டு, கட்டையும் பிரித்தாகிவிட்டது. எலும்பு நன்றாகக் கூடிவிட்டது என்கிறது எக்ஸ்ரே. ஆனால் கை வீங்கியே இருக்கிறது. ஃபேன் காற்று பட்டாலே எரிகிறது. ஒரு நாள் சிவந்து சுடுகிறது, இன்னொரு நாள் நீலம் பாரித்துச் சில்லிடுகிறது. அந்தக் கை மட்டும் தனியாக வியர்க்கிறது. இதைத்தான் சிஆர்பிஎஸ் (காம்ப்ளெக்ஸ் ரீஜனல் பெயின் சிண்ட்ரோம்) என்கிறார்கள். பழைய ஃபைல்களில் ஆர்எஸ்டி (ரிஃப்ளெக்ஸ் சிம்பதெடிக் டிஸ்ட்ரஃபி) என்று இருக்கும். 1994இல் பெயர் மாறியது. நோய் ஒன்றும் புதிதல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போரில் குண்டடி பட்ட சிப்பாய்களிடம் இதே எரிச்சலைப் பார்த்து வெயர் மிட்செல் என்ற டாக்டர் 1864இலேயே எழுதிவைத்திருக்கிறார்.

மாத்திரையும் பயிற்சியும் போதாதபோது பெயின் கிளினிக்கில் நரம்பு பிளாக், அதாவது நரம்பைக் கொஞ்ச நேரம் மரத்துப்போக வைக்கும் ஊசி, போடலாம் என்பார்கள். நான் பிசியோதெரபிஸ்ட். பிளாக் போட்டவர்களை அதற்குப் பிறகு பார்க்கிற வேலை என்னுடையது. ஊசி போடும் அந்த அரை மணி நேரத்தில் நடக்கும் தவறுகளைவிட, அதற்கு முன்னும் பின்னும் வீட்டில் நடக்கும் தவறுகளே அதிகம்.

"கைக்கு வலின்னா கழுத்துல ஏன் மேடம் குத்துறாங்க?" என்று கேட்காதவர்கள் குறைவு. கையின் ரத்தக்குழாயைச் சுருக்குவது, வியர்க்க வைப்பது போன்ற வேலைகளைச் செய்வது சிம்பதெடிக் நரம்புகள். கைக்குப் போகும் அந்த நரம்புகள் கழுத்தின் அடிப்பகுதியில் ஒரு முடிச்சு வழியாகப் போகின்றன. அதுதான் ஸ்டெல்லேட் கேங்க்லியான். ஸ்கேன் பார்த்தோ சி-ஆர்ம் எக்ஸ்ரே பார்த்தோ, அதைச் சுற்றி மரத்துப்போகும் மருந்தைச் செலுத்துகிறார்கள். காலில் பிரச்சினை என்றால் குப்புறப் படுக்க வைத்து இடுப்புப் பக்கம் போடுவார்கள். மருந்தின் நேரடி வேலை சில மணி நேரம்தான். வலிக் குறைவு சிலருக்கு அதோடு முடிந்துவிடும், சிலருக்கு நாள்கணக்கில், வாரக்கணக்கில்கூட நிற்கும்.

இங்கேதான் முதல் தவறு: ஊசி போட்டால் நோய் போய்விடும் என்று நினைப்பது. அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. மருத்துவ ஆராய்ச்சிகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2016 ஆய்வுத் தொகுப்பு, இருக்கிற ஆராய்ச்சிகள் சிறியவை, தரம் குறைந்தவை, இவற்றை வைத்து இந்த பிளாக் பலன் தருகிறது என்று முடிவுக்கு வர முடியாது என்றது. அப்புறம் எதற்குப் போட வேண்டும்? தொட முடியாத கையைக் கொஞ்ச நேரமாவது தொட்டு அசைக்க ஒரு வாய்ப்பு கிடைக்கிறது. என் பார்வையில் அதன் மதிப்பு அவ்வளவுதான். ஆனால் அதுவே பெரிய விஷயம்.

அந்த வாய்ப்பை வீணடிப்பதுதான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு. பிளாக் வெள்ளிக்கிழமை, பிசியோ அடுத்த வாரத்துக்கு மேல் என்று வைத்துக்கொள்வார்கள். இடைப்பட்ட நாட்களில் "ஊசி போட்ட கை, அசைக்காதே" என்று வீட்டில் ஒருவர் காவலுக்கு நிற்பார். துப்பட்டாவில் சுற்றி, தலையணை மேல் வைத்து, சாப்பாடுகூட ஊட்டிவிடுவார்கள். பாசம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வலி திரும்பி வந்த பிறகு என்னிடம் வந்தால், மறுபடி முதலிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். பிளாக்குக்குத் தேதி வாங்கும்போதே பிசியோவுக்கும் நேரம் வாங்கிவிடுங்கள். டாக்டர் அனுமதித்தால் அன்றைக்கே, இல்லாவிட்டால் மறுநாள் காலை.

அந்த நேரத்தில் என்ன செய்வோம்? பெரிய எக்சர்சைஸ் எதுவும் இல்லை. முதலில் பஞ்சால் தடவுவோம், பிறகு பழைய பருத்திப் புடவைத் துணி, அதற்குப் பிறகு துண்டின் சொரசொரப்பான பக்கம். தாங்க முடிந்தால் ஒரு டப்பா அரிசிக்குள் கையை நுழைத்து விரல்களை மெதுவாக விரிக்கச் சொல்வேன். உள்ளே நாலைந்து மொச்சைக்கொட்டை போட்டு வைத்திருப்பேன், பார்க்காமல் தேடி எடுக்க வேண்டும். பல மாதமாகக் கையை மடியில் ஒளித்து வைத்திருந்தவர் மொச்சைக்கொட்டை அகப்பட்டதும் அதைக் கீழே வைக்க மனமில்லாமல் உருட்டிக்கொண்டே இருப்பார். இன்னொன்று கண்ணாடிப் பயிற்சி: பாதித்த கையைக் கண்ணாடிக்குப் பின்னால் மறைத்துவிட்டு, நல்ல கையின் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டு அசைப்பது. பார்க்க வேடிக்கையாக இருக்கும், வீட்டிலும் செய்யலாம்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. வலி இல்லாத ஒரு நாள் கிடைத்ததும், சேர்ந்துபோன துணியெல்லாம் துவைத்து, மாவரைத்து, பரணை ஒழித்து முடிப்பார்கள். ராத்திரி கை பந்தாக வீங்கிவிடும். "ஊசிதான் கெடுத்துவிட்டது" என்று பழி ஊசி மேல் விழும். பத்து நிமிடம் வேலை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி பத்து நிமிடம் என்று பிரித்துச் செய்தால் அவ்வளவு மோசமாகாது.

கழுத்தில் பிளாக் போட்டதும் அந்தப் பக்கத்துக் கண்ணிமை தொங்கும். கண் சிவக்கும், கண்மணி சிறுக்கும், மூக்கு ஒரு பக்கம் அடைக்கும். இதற்கு ஹார்னர் சிண்ட்ரோம் என்று பெயர். கூட வந்த அத்தையோ சித்தப்பாவோ இதைப் பார்த்துவிட்டு "ஐயோ, பக்கவாதம்!" என்று கூச்சல் போட்டால் நோயாளியின் பிபி ஏறுவதுதான் மிச்சம். மருந்து அந்த நரம்பு வழியில் வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம் அது, சில மணி நேரத்தில் தானாகச் சரியாகும். குரல் கம்மிப்போவதும் தொண்டையில் ஏதோ சிக்கியது போல இருப்பதும் இதே கணக்குதான். ஆனால் குரல் தெளியும்வரை காபி, டிபன் என்று அவசரப்படக் கூடாது, புரையேறிவிடும். முதலில் ஒரு வாய் தண்ணீர் குடித்துப் பார்த்து, இருமல் வராவிட்டால் மேற்கொண்டு சாப்பிடலாம்.

எது சாதாரணமில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மூச்சு வாங்குவது, கழுத்து வீங்கிக்கொண்டே போவது, நெஞ்சு வலி, வலிப்பு, பேச்சு குழறுவது, காய்ச்சல், நேரம் ஆக ஆகக் கூடும் பலவீனம். இவற்றுக்கு மறுநாள்வரை காத்திருக்காதீர்கள். கழுத்துக்குள் ரத்தக்கசிவு சில சமயம் வீட்டுக்குப் போன பிறகே தெரியவரும். 108ஐக் கூப்பிடுங்கள். அன்று இரவு தனியாகப் படுக்க வேண்டாம், வண்டி ஓட்டவும் வேண்டாம்.

இடுப்பில் போட்டவர்களுக்கு வேறு ஆபத்து. மருந்து கொஞ்சம் பரவினால் தொடை மரத்து, முழங்கால் மடங்கிவிடும். கட்டிலிலிருந்து எழுந்து நேராக பாத்ரூமுக்குப் போய் வழுக்கி விழுகிறார்கள். முதல் தடவை எழும்போது யாராவது தோளைப் பிடித்துக்கொள்ளட்டும்.

இனி மாத்திரை விஷயம். ரத்தம் உறையாமல் இருக்க, இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் குளோபிடோக்ரெல் சாப்பிடுவார்கள், வால்வு மாற்றியவர்கள் வார்ஃபரின். இவற்றைச் சொல்லாமல் மறைத்தால் ஊசி இடத்தில் ரத்தம் கசியும். அதற்குப் பயந்து தாமாகவே நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம், வால்வில் ரத்தம் உறையலாம், இது அதைவிட மோசம். நிறுத்துவதா, எத்தனை நாள் என்பதை இதய டாக்டரும் ஊசி போடும் டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும். நாட்டு மருந்து, பூண்டு மாத்திரை சாப்பிட்டாலும் சொல்லிவிடுங்கள். சில டாக்டர்கள் ஊசியில் ஸ்டீராய்டும் சேர்ப்பார்கள். அப்படியானால் சர்க்கரை சில நாள் எகிறும், வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் அடிக்கடி பாருங்கள். வலி குறைந்த சந்தோஷத்தில் மறுநாளே கபாபென்டின், ப்ரிகாபலின் போன்ற நரம்பு வலி மாத்திரைகளைத் தூக்கிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவற்றைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். திடீரென்று விட்டால் தூக்கம் கெடும், படபடப்பு வரும், வலிப்பு வரவும் வாய்ப்பு உண்டு.

பாதித்த கையில் ட்ரிப் ஊசியோ பிபி பட்டையோ வேண்டாம் என்று நர்ஸிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மயக்கம் கொடுக்கப் போகிறார்கள் என்றால் வயிறு காலியாக இருக்க வேண்டும், எத்தனை மணியிலிருந்து என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஐஸ் ஒத்தடம் வேண்டாம், இந்த நோயில் அது எரிச்சலைக் கூட்டும். மரத்த கைக்கு வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம், சுட்டது தெரியாது. எண்ணெய் போட்டு இழுத்து நீவிவிட்டு இறுக்கிக் கட்டுவது கூடவே கூடாது.

பலன் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்பார்கள், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பாருங்கள்: கை சூடானதா, வலி குறைந்ததா. கண்ணிமை தொங்குவதை மட்டும் வைத்து மருந்து கைவரை எட்டியது என்று சொல்லிவிட முடியாது, ரத்தக்குழாய் விரிந்து கை சூடாக வேண்டும். சூடேறவே இல்லை என்றால் மருந்து சரியாக எட்டாமல் போயிருக்கலாம், இன்னொரு முறை முயல அர்த்தம் உண்டு. கை நன்றாகச் சூடாகியும் வலி அப்படியே இருந்தால், அந்த வலியில் சிம்பதெடிக் நரம்புக்குப் பெரிய பங்கு இல்லை. அதற்காக வலி பொய் என்றோ மனப்பிரமை என்றோ ஆகாது. சிஆர்பிஎஸ் உள்ள எல்லோருக்கும் பிளாக் கேட்காது, நோயை உறுதிசெய்யும் புடாபெஸ்ட் அளவுகோலிலும் பிளாக் பலன் ஒரு நிபந்தனை இல்லை. இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியது நோயாளிக்கு அல்ல, "ஊசி போட்டும் வலிக்குதாம்" என்று முணுமுணுக்கும் சொந்தக்காரர்களுக்கு.

பலன் இல்லாமலேயே தொடராகப் போட்டுக்கொண்டு போவதும் தவறு. மொத்தமாக இத்தனை ஊசி என்று பேக்கேஜ் பேசி முன்பணம் கட்டாதீர்கள். ஒன்றிரண்டு போட்டும் சட்டைப் பொத்தான் போடுவதிலோ, டம்ளர் பிடிப்பதிலோ, தலை வாருவதிலோ மாற்றம் இல்லை என்றால், அடுத்ததற்கு முன் "வேறு என்ன வழி இருக்கு டாக்டர்?" என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வார் என்று தயங்காதீர்கள்.

ஒவ்வொரு பிளாக்குக்குப் பிறகும் டிஸ்சார்ஜ் சீட்டில் எந்த மருந்து, எவ்வளவு, எந்தப் பக்கம் என்று எழுதி வாங்குங்கள். எத்தனை மணிக்குக் கை சூடானது, வலி எப்போது குறைந்து எப்போது திரும்பியது, அன்று அந்தக் கையால் என்ன செய்ய முடிந்தது என்பதை அதன் பின்பக்கத்திலேயே குறித்துவிடுங்கள். அடுத்த முறை டாக்டரிடமும் பிசியோவிடமும் அதையே நீட்டினால் போதும்.