நெடுநாள் நின்றுபோன ஃபியட் 1100 காரை மீண்டும் ஓட வைக்கும் முறை

காவிரி டெல்டாவின் பழைய வீட்டுக் கொட்டகைகளில், வைக்கோலுக்கும் சாக்கு மூட்டைகளுக்கும் நடுவே, ஃபியட் 1100 கார்கள் இன்னமும் நிற்கின்றன. இத்தாலியில் 1953இல் வெளிவந்த 1100/103 வகையின் வழிவந்த இந்தச் சிறிய கார், பம்பாய் குர்லாவில் இருந்த பிரீமியர் தொழிற்சாலையில் தயாராகி, 1964 முதல் 1100டி என்றும் எழுபதுகளில் பத்மினி என்றும் பெயர் பெற்றது. 1089 சிசி, நான்கு சிலிண்டர், பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் ஒரே கார்புரேட்டர், ஸ்டீயரிங் தண்டிலேயே கியர் என்று எல்லாம் கண்ணுக்கும் கைக்கும் எட்டும்படி இருப்பதால், முதன்முதலாக ஸ்பேனர் பிடிப்பவரும் இதில் வேலை கற்றுக்கொள்ளலாம். கும்பகோணத்துக்கு அருகில் எங்கள் வீட்டில் எட்டு ஆண்டுகள் நின்ற வண்டியை நான் எடுத்த வரிசையிலேயே இதை எழுதுகிறேன். சாவியைத் திருப்பிப் பார்க்கும் ஆசையை மட்டும் கடைசிவரை அடக்கிக்கொள்ளுங்கள்.

முதல் படி: தகடு

இந்தக் காருக்குத் தனியாக சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது. தகட்டு உடலே முழுச் சுமையையும் தாங்குகிறது. ஆகவே இதில் துரு என்பது அழகு பற்றிய சிக்கல் அன்று, வண்டியின் எலும்பு பற்றிய சிக்கல். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் மண் தரை மாதக்கணக்கில் ஈரத்தை விடாது. நாகப்பட்டினம் பக்கமாக இருந்தால் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். தரைவிரிப்பை முழுவதும் எடுத்துவிட்டு, காலடித் தகடு, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடு, பின்பக்கப் பட்டை வில் உடலோடு சேரும் இடம் ஆகியவற்றைத் திருப்புளியின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே செல்லுங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். அரித்த தகடு மந்தமாக ஒலிக்கும், சில இடங்களில் உள்ளே போய்விடும். அப்படிப் போன இடத்தைப் புட்டி வைத்து மூடுவது ஓட்டுபவரை ஏமாற்றும் வேலை. அரித்ததை வெட்டி எடுத்துப் புதுத் தகட்டை வெல்டிங் செய்வதுதான் முறை. அதற்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றி, பெட்ரோல் டேங்கையும் இறக்கிவிட வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் வண்டிக்கு அடியில் செல்லாதீர்கள். கனமான மரக்கட்டைகளோ ஸ்டாண்டுகளோ தாங்க வேண்டும்.

தகட்டைப் பார்க்கும்போதே ஒயர்களையும் பாருங்கள். சம்பா அறுவடை முடிந்து வயல் காலியானதும் எலிகள் வீட்டுப் பக்கம் வந்து, பானெட்டுக்குள் வைக்கோலைச் சேர்த்துக் கூடு கட்டும். எங்கள் வண்டியில் ஹெட்லைட் ஒயர் இரண்டு இடங்களில் செம்பு தெரியும் அளவுக்குக் கடிபட்டிருந்தது. அவ்வாறான ஒயரில் டேப் சுற்றாமல் புதிதாக மாற்றுங்கள்.

இரண்டாம் படி: என்ஜின் சுற்றுகிறதா

சிலிண்டருக்குள் தீப்பொறி தரும் நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு தேக்கரண்டி என்ஜின் ஆயில் விட்டு, ஓர் இரவு ஊற விடுங்கள். மறுநாள், பிளக் இல்லாத நிலையிலேயே, நான்காவது கியரில் போட்டு இருவர் மெதுவாகத் தள்ளினால் என்ஜின் சுற்றுவது தெரியும். இறுகி நின்றால் பலத்தைக் கூட்டாமல் மேலும் சில நாள் ஊற விடுவதே நல்லது. சுற்றிய பிறகு பழைய ஆயிலை வடித்துவிட்டுப் புதிது ஊற்றுங்கள்.

மூன்றாம் படி: பெட்ரோல்

பழைய பெட்ரோல் பிசினாகிவிடும். டேங்கைக் கழுவியே ஆக வேண்டும். இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கப்படுகிறது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும், பழைய ரப்பர் குழாய்களை இளக்கும். ஆகவே குழாய்களையும் பெட்ரோல் பம்புக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வையும் மாற்றிவிடுங்கள். கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் நுண்துளை கொண்ட பித்தளை ஜெட்டுகளில் கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும். காற்றடித்து மட்டும் சுத்தம் செய்யுங்கள்.

நான்காம் படி: பாயிண்ட்

நின்ற வண்டி கிளம்பாததற்குப் பெரும்பாலும் காரணம் இதுவே என்பதால் இங்கே நேரம் கொடுங்கள். பிளக்குகளுக்கு மின்சாரத்தை முறைவைத்துப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியையும் அதனுள் சுழலும் ரோட்டரையும் எடுத்தால், சிறிய இரு உலோக முனைகள் சேர்ந்தும் பிரிந்தும் இயங்கும் பாயிண்ட் தெரியும். ஈரத்தில் அம்முனைகள் மீது படரும் மெல்லிய படலமே மின்சாரத்தைத் தடுக்கிறது. மிக நைசான உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, பெட்ரோலில் நனைத்த துணியால் துடையுங்கள். பின்பு வண்டியைச் சிறிது சிறிதாகத் தள்ளி, நடுத்தண்டின் மேடு பாயிண்டை அதிகபட்சம் விலக்கும் இடத்தில் நிறுத்துங்கள். அங்கே இடைவெளி சுமார் 0.45 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் தகடு இலேசாக உரசிச் சென்றால் சரி. முனைகள் நீலம் பாய்ந்து கருகியிருந்தால் முனைகளில் பொறி பறப்பதைக் குறைக்கும் கண்டன்சரையும் மாற்றுங்கள். பிளக் ஒயர்களை மூடியில் திரும்ப மாட்டும்போது, ரோட்டர் சுழலும் திசையில் சிலிண்டர் வரிசை 1-3-4-2. ரேடியேட்டர் பக்கம் உள்ளது முதல் சிலிண்டர். கழற்றுவதற்கு முன்பே ஒவ்வோர் ஒயரிலும் எண் எழுதி ஒட்டிவிட்டால் குழப்பம் வராது.

ஐந்தாம் படி: பிரேக்

என்ஜின் ஓடிவிட்டால் உடனே தெருவுக்கு எடுத்துச் செல்லத் தோன்றும். பிரேக் முடியாமல் எடுக்காதீர்கள். நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவதால் சக்கரங்களில் பிரேக் கட்டைகளைத் தள்ளும் வீல் சிலிண்டர்கள் உள்ளுக்குள் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். டிரம்மைக் கழற்றி, ரப்பர் வாஷர்களைப் புதிதாகப் போட்டு, துருக்குழி விழுந்த சிலிண்டரை மாற்றுங்கள். புது ஆயில் ஊற்றியபின், ஒருவர் பெடலை மிதிக்க மற்றவர், பெடலோடு சேர்ந்து ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்கி, காற்றுக்குமிழி நிற்கும்வரை ஒவ்வொரு சக்கரத்திலும் ஆயிலை வடிக்க வேண்டும். பெடல் பஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் இன்னும் காற்று இருக்கிறது.

முதல் ஓட்டத்தை ஊருக்குள்ளேயே வைத்துக்கொண்டு, வெப்பமானியில் கண் வையுங்கள். இந்த என்ஜினின் ஹெட் அலுமினியம், பிளாக் வார்ப்பிரும்பு. அளவு மீறிச் சூடேறினால் ஹெட் வளைந்து, இரண்டுக்கும் இடையே கசிவைத் தடுக்கும் கேஸ்கட் போய்விடும். முள் ஏறினால் நிழலில் நிறுத்தி, முழுவதும் ஆறிய பின்னரே ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றுங்கள். 200 கிலோமீட்டர் ஓடியதும் என்ஜின் ஆயிலை இன்னொரு முறை மாற்றிவிடுங்கள். எட்டு ஆண்டு அழுக்கு அப்போதுதான் கரைந்து வெளியே வரும்.