பழைய பிக்கப் டிரக்கில் குரூஸ் கன்ட்ரோல் பொருத்துதல்

கிறைஸ்லர் நிறுவனம் 1958ஆம் ஆண்டு மாடல்களிலேயே, ஆக்சிலரேட்டரை மிதிக்காமலே வண்டியை ஒரே வேகத்தில் ஓடவைக்கும் குரூஸ் கன்ட்ரோலை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்ட போதிலும், அமெரிக்கச் சாலைகளில் ஓடிய பிக்கப் டிரக்குகளில் அது 1990கள் வரையிலும் பெரும்பாலும் கூடுதல் விலை கொடுத்துப் பெறும் வசதியாகவே இருந்தது. பண்ணை வேலைக்கென வாங்கப்பட்ட அடிப்படை மாடல்களில் அதை எதிர்பார்க்க முடியாது. அத்தகைய வண்டியை இன்று வைத்திருப்பவர், மின் வயரிங்கில் ஓரளவு பழக்கமும் ஒரு மல்டிமீட்டரும் இருந்தால், இந்த வசதியைத் தாமே பொருத்திக்கொள்ளலாம்.

முதலில் பானெட்டைத் திறந்து, ஆக்சிலரேட்டர் மிதியிலிருந்து த்ராட்டிலுக்கு (எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் வால்வு) கேபிள் செல்கிறதா என்று பார்க்க வேண்டும். கேபிள் இல்லாமல் மின்சமிக்ஞையால் இயங்கும் த்ராட்டில் என்றால், இங்கே சொல்லப்படும் முறை அதற்குப் பொருந்தாது. கேபிள் இருந்தால், நிறுவனமே வயரிங் போட்டு வைத்திருக்கிறதா என்பதையும் சரிபார்க்கவும். 1988 முதல் 1998 வரையிலான ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப்புகள் பலவற்றில், குரூஸ் பொத்தான்கள் உள்ள இன்டிகேட்டர் லீவரையும், குரூஸை இயக்கும் மாட்யூலையும், அதன் கேபிளையும், பிரேக் சுவிட்சையும் அதே வகைப் பழைய வண்டியிலிருந்து கழற்றி வந்து மாட்டினாலே வேலை முடிந்துவிடும்.

அந்த வாய்ப்பு இல்லாதவர்கள் எல்லா வண்டிகளுக்கும் பொதுவான கிட் ஒன்றை வாங்கலாம். த்ராட்டிலை இழுத்துத் திறக்கும் கருவியான சர்வோவில், வேக்குவத்தால் (எஞ்சின் காற்றை உறிஞ்சுவதால் உண்டாகும் வெற்றிடம்) இயங்கும் சர்வோவைவிட மோட்டாரால் இயங்கும் சர்வோவையே நான் பரிந்துரைப்பேன். மேட்டில் ஏறும்போது த்ராட்டில் அகலத் திறப்பதால் எஞ்சினின் வேக்குவம் குறைந்துவிடும். சர்வோவுக்கு இழுவிசை மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் அது கிடைக்காமல் போகிறது. 1990களின் ஃபோர்டு பிக்கப்பிலிருந்து பாகங்களை எடுப்பவர்கள், பிரேக் மாஸ்டர் சிலிண்டரில் திருகப்பட்டிருக்கும் குரூஸ் துண்டிப்பு சுவிட்சை எடுத்துப் பயன்படுத்தக் கூடாது. பிரேக் திரவம் அதற்குள் கசிந்து, சாவியை எடுத்த பின்னும் தீப்பற்றக்கூடும் என்பதற்காகவே ஒரு கோடிக்கும் மேற்பட்ட வண்டிகளை ஃபோர்டு 1999 முதல் 2009 வரை திரும்ப அழைத்தது.

இந்த வேலையில் எதையும்விட முக்கியமானது, பிரேக்கை மிதித்த கணமே குரூஸ் விடுபடுவது. ஆகவே பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, பிரேக் சுவிட்சிலிருந்தே வயரிங்கைத் தொடங்குங்கள். பொதுவாகக் கிட்டிலிருந்து இரண்டு வயர்கள் அங்கே வரும். ஒன்று, எப்போதும் 12 வோல்ட் இருக்கும் பக்கத்துக்கு. மற்றொன்று, மிதித்தால் மட்டும் 12 வோல்ட் வரும் பக்கத்துக்கு. இரண்டாவது வயரைச் சுவிட்சுக்கு மிக அருகிலேயே இணைக்க வேண்டும். பழைய அமெரிக்க டிரக்குகள் பலவற்றில் பிரேக் விளக்கும் இன்டிகேட்டரும் ஒரே இழையில் எரிவதால், பின்பக்க விளக்குக்குப் போகும் வயரில் இணைத்தால், இன்டிகேட்டர் போடும்போதெல்லாம் குரூஸ் விடுபட்டுவிடும். மிதிக்காத நிலையில் இந்த வயருக்கு பிரேக் பல்பின் இழை வழியாகவே எர்த் கிடைக்கிறது. பல்புகளை எல்.இ.டி.யாக மாற்றியவர்களின் வண்டியில் அந்தப் பாதை அறுந்துபோவதால், எல்லாம் சரியாக இருந்தும் குரூஸ் பிடிக்காமல் போகும். அவர்கள் ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) சேர்க்க வேண்டியிருக்கும். கியரைக் கையால் மாற்றும் வண்டியில் கிளட்ச் மிதியிலும் ஒரு சுவிட்ச் போடுவது நல்லது. இல்லையென்றால் கிளட்சை அழுத்தியதும் எஞ்சின் அலறும்.

வண்டியின் வேகத்தை மாட்யூலுக்குத் தெரிவிக்கும் வேகச் சமிக்ஞை அடுத்த வேலை. ஃபோர்டு வண்டிகளில் மைலுக்கு 8,000 துடிப்புகளும் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் 4,000 துடிப்புகளும் வருவது வழக்கம். அந்த எண்ணுக்கேற்ப மாட்யூலில் உள்ள சிறு சுவிட்சுகளை வைக்க வேண்டும். கேபிளால் சுழலும் ஸ்பீடோமீட்டர் கொண்ட இன்னும் பழைய வண்டியில், டிரைவ் ஷாஃப்டில் காந்தத்தைக் கட்டி அந்தக் காந்தம் கடந்துபோவதை உணரும் பிக்கப் காயிலை அருகில் பொருத்தும் வழி உண்டு.

சர்வோவை எக்ஸாஸ்ட்டின் வெப்பத்திலிருந்து விலக்கி, ஃபயர்வாலிலோ (எஞ்சினையும் ஓட்டுநர் அறையையும் பிரிக்கும் தகடு) மட்கார்டின் உட்புறத்திலோ பொருத்துங்கள். கேபிள் எங்கும் கூர்மையாக வளையக் கூடாது. த்ராட்டில் முனையில் அது சற்றே தளர்வாக இருக்க வேண்டும். விறைப்பாக இருந்தால் மிதியைத் தொடாதபோதே த்ராட்டில் இலேசாகத் திறந்திருக்கும், ஐடில் வேகம் (மிதிக்காதபோது எஞ்சின் சுழலும் வேகம்) ஏறிவிடும். எஞ்சினை அணைத்துவிட்டு, உதவிக்கு ஒருவரை உட்காரவைத்து மிதியை முழுதாக அழுத்தச் சொல்லிப் பாருங்கள். த்ராட்டில் லீவர் திரும்பும்போது கேபிளின் முனையில் உள்ள மணிச் சங்கிலி எதிலும் சிக்காமல் மடிந்து, மிதியை விட்டதும் ரிட்டர்ன் ஸ்பிரிங் லீவரைத் தடையின்றி இழுத்து மூட வேண்டும். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் குரூஸைப் பற்றி யோசிக்கும் முன் அதை மாற்றுங்கள்.

கட்டுப்பாட்டுப் பொத்தான்களைப் பொருத்துவது எளிது. ஏர்பேக் உள்ள ஸ்டியரிங் சக்கரத்தைப் பிரிப்பதைத் தவிர்த்து, ஸ்டியரிங் தண்டில் மாட்டும் லீவரையே தேர்ந்தெடுக்கலாம்.

சாலைக்குப் போகும் முன், கிட்டில் சோதனை விளக்கு இருந்தால், பிரேக்கை மிதித்தும் ஒவ்வொரு பொத்தானை அழுத்தியும் அது சரியாகப் பதிலளிக்கிறதா என்று பாருங்கள். பிறகு, உலர்ந்த, ஆளில்லாத நேர்சாலையில் 45 மைல் வேகத்தில் குரூஸை இயக்கி, உடனே பிரேக்கை இலேசாகத் தொடுங்கள். அடுத்து ஆஃப் பொத்தான், அதன்பின் கிளட்ச். இவற்றில் ஏதாவது ஒன்று விடுவிக்கத் தவறினாலும் கேபிளைக் கழற்றிவிட்டு வீடு திரும்புங்கள். எல்லாம் சரியாக இருந்து, வேகம் மட்டும் கூடிக் குறைந்து ஊசலாடினால் கேபிளின் தளர்வு அதிகமாகிவிட்டதா என்று பாருங்கள். தளர்வு சரியாக இருந்தால் மாட்யூலின் உணர்திறனை ஒரு படி குறையுங்கள். மேட்டில் வேகம் இறங்கி, மீள்வதற்கு நேரமானால் ஒரு படி கூட்டுங்கள்.