குளிர்கால வியன்னாவில் ஒரு வார இறுதி: ஜோடிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குளிர்காலத்தில் இரண்டு மூன்று நாளைக்கு வியன்னா போகும் தம்பதிகள் பலரும் கோடைக்கு ஏற்ற திட்டத்தையே கையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்துதான் தொடங்குகின்றன. டிசம்பர் மூன்றாவது வாரத்தில் அங்கே காலை ஏழே முக்காலுக்குப் பக்கத்தில்தான் சூரியன் உதிக்கும். மாலை நான்கு மணிக்கு அஸ்தமனம். வானம் மூடியிருந்தால் மூன்றரைக்கே மங்கிவிடும். ஷான்புருன் அரண்மனையை மத்தியானத்துக்குமேல் சுற்றிவிட்டு, பின்னால் இருக்கும் மேட்டில் ஏறி நகரத்தைப் பார்க்கலாம் என்று நினைத்தால், மேலே போய்ச் சேரும்போது இருட்டியிருக்கும்.

பதினொரு மணியிலிருந்து மூன்று மணி வரை வெளியே நடப்பதற்கு. காலையும் மாலையும் கூரைக்குக் கீழே. இப்படிப் பிரித்துக்கொண்டாலே பாதித் தொல்லை தீரும். வியன்னா குளிர்காலத்தில் உள்ளே வாழும் ஊர். அருங்காட்சியகம், காபி ஹவுஸ், ஓபரா, நடன விழா என்று அதன் நல்ல விஷயங்கள் எல்லாம் கதவுக்கு உள்ளேதான் இருக்கின்றன.

அடுத்தது, எப்போது போவது என்பது. எல்லோருக்கும் கிறிஸ்துமஸ் சந்தைதான் கனவு. அது அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் டிசம்பர் சனிக்கிழமை மாலையில் நகர மன்றத்தின் முன்னால் இருக்கும் பெரிய சந்தையில் இருவரும் கைகோத்து நடக்கக்கூட இடம் இருக்காது. ஹோட்டல் வாடகையும் உச்சத்தில் இருக்கும். சந்தைதான் வேண்டும் என்றால் நவம்பர் கடைசியில், வெள்ளிக்கிழமை பகலிலேயே போய்விடுங்கள். கிறிஸ்துமஸுக்கு மறுநாளோடு பெரும்பாலான சந்தைகள் முடிந்துவிடும். 24-ஆம் தேதி மத்தியானத்துக்குமேல் கடைகளையும் பல உணவகங்களையும் மூடிவிடுவார்கள்.

என்னைக் கேட்டால் ஜனவரி பாதிக்குமேல் போவதே நல்லது. கூட்டம் வடிந்திருக்கும். அதே நகர மன்றத்தின் முன்னால் பனிச்சறுக்குத் தளம் போட்டிருப்பார்கள். நடன விழாக்களின் பருவமும் அதுதான். ஒரு பருவத்தில் 400-க்கும் மேல் நடக்கின்றன. ஒன்றை மட்டும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்: கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய வியாழக்கிழமை, அரசு ஓபரா அரங்கில் ‘ஓபரா பால்’ (Opera Ball) என்ற பெரிய நடன விழா நடக்கும். அதை ஒட்டிய நாட்களில் அரங்கமே நடனக் கூடமாக மாறிவிடுவதால் ஓபரா நிகழ்ச்சிகள் இருக்காது.

உடை விஷயத்தில், ஒரே ஒரு தடித்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு சமாளிக்கப் பார்ப்பதுதான் தவறு. வெளியே பூஜ்ஜியம் டிகிரி, உள்ளே வியர்க்கும் அளவுக்கு ஹீட்டர். மெல்லியதாக இரண்டு மூன்று அடுக்கு, அதற்கு மேல் காற்றுத் தடுக்கும் கோட்டு. பனிக்காக நடைபாதையில் சரளைப் பொடி தூவியிருப்பார்கள். மெல்லிய அடிப்பாகம் உள்ள ஷூவில் கால் படும் பாடு கொஞ்சமில்லை. படம் அழகாக வரவேண்டும் என்று மெல்லிய காலணியோடு போய், இரண்டாவது மணியிலேயே ஒருவர் முகம் வாடி, மற்றவர் அதற்குச் சமாதானம் சொல்லி... வேண்டாமே.

காபி ஹவுஸ்களில் நிறையப் பேர் ஏமாறுவது, இணையத்தில் எல்லோரும் காட்டும் ஒரே கடையின் வாசலில் முக்கால் மணி நேரம் குளிரில் வரிசையில் நிற்பதால்தான். காபி ஹவுஸின் சுகமே அவசரமில்லாமல் உட்கார்வது. 1880-இல் தொடங்கிய ஸ்பெர்ல் மாதிரியான கடைக்குப் போங்கள். ஒரு மெலாஞ்ச் (நுரைத்த பால் சேர்த்த காபி) சொன்னால் சின்ன உலோகத் தட்டில் காபி வரும், பக்கத்தில் ஒரு குவளைத் தண்ணீரும் வரும். அது ஆல்ப்ஸ் அடிவார ஊற்றுத் தண்ணீர். 1873-இல் அதற்கென்று நீண்ட நீர்ப்பாதை கட்டி ஊருக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு காபிக்கு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் யாரும் எழுப்ப மாட்டார்கள். பில்லும் நீங்களாகக் கேட்டால்தான் வரும்; வரவில்லையே என்று கோபப்பட வேண்டாம். இரவு எட்டு மணிக்குமேல் ஹவெல்கா என்ற காபி ஹவுஸுக்குப் போனால், உள்ளே பிளம் ஜாம் வைத்துச் சுடச்சுட எடுத்த புக்டெல்ன் பன் கிடைக்கும். ஒரு தட்டு வாங்கி இருவரும் பகிர்ந்துகொள்ளலாம்.

இசை நிகழ்ச்சிக்கு, நகர மையத்தில் பேராலயம் இருக்கும் ஸ்டெஃபான்ஸ்பிளாட்ஸ் சதுக்கத்தின் பக்கம் மோட்சார்ட் மாதிரி பொய்முடியும் அங்கியும் போட்டு நிற்பவர்களிடம் டிக்கெட் வாங்கிவிடாதீர்கள். அவர்கள் விற்பது பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளுக்கென்றே நடத்தும் கச்சேரி. அரசு ஓபராவில் நின்று பார்க்கும் டிக்கெட்டை அன்றன்றைக்கு, இருக்கை விலையில் சிறு பங்குக்கு விற்கிறார்கள். முன்னால் இருக்கும் கம்பியில் ஸ்கார்ஃபைக் கட்டி இடம் பிடிப்பது அங்கே நெடுநாள் வழக்கமாக இருந்தது. மொழிபெயர்ப்பு ஓடும் குட்டித் திரையும் உண்டு. முதல் இடைவேளையில் கால் கடுத்தால் கிளம்பிவிடலாம், பெரிய நஷ்டமில்லை.

சைவம் சாப்பிடுபவர்கள் சூப்பில் கவனமாக இருக்க வேண்டும். ஃப்ரிட்டாட்டென் சூப்பில் மிதப்பது நூல் நூலாக நறுக்கிய பான்கேக்தான், ஆனால் சாறு மாட்டிறைச்சியில் எடுத்தது. உருளைக்கிழங்கு குலாஷிலும் பல இடங்களில் சாசேஜ் போடுவார்கள். சீஸ் போட்ட ஷ்பெட்ஸ்லேயும் (முட்டை சேர்த்த மாவில் செய்யும் குட்டி நூடுல்ஸ்), கைசர்ஷ்மார்ன் என்ற பிய்த்துப் போட்ட இனிப்புப் பான்கேக்கும் பசிக்கு நன்றாகவே தாங்கும். ஷ்பெட்ஸ்லேயில் பன்றி இறைச்சித் துண்டு போடுவார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். சந்தையில் சூடான பஞ்ச் (பெரும்பாலும் மது கலந்த பானம்) வாங்கினால் குவளைக்கும் சேர்த்து முன்பணம் வாங்குவார்கள். திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், இன்னொரு ஊரையும் சேர்த்துப் பார்த்துவிடும் ஆசை. சால்ஸ்பர்க் ரயிலில் போகவே இரண்டரை மணி நேரம் ஆகும். பகல் அதிலேயே போய்விடும். வாஹாவ் பள்ளத்தாக்கின் வழக்கமான டான்யூப் படகுகள் குளிர்காலத்தில் ஓடாது. ஒரு நாளைக்கு ஒரே ஒரு பெரிய இடம் போதும். கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் ப்ரூகல் 1565-இல் வரைந்த பனிக்கால வேட்டைக்காரர்கள் ஓவியத்தின் முன்னால் அரை மணி நேரம் உட்காருங்கள். பசுமை கலந்த அந்தச் சாம்பல் வானத்தின் கீழே உறைந்த குளத்தில் எத்தனை பேர் விளையாடுகிறார்கள் என்று இருவருமாகத் தேடலாம். அந்த அருங்காட்சியகத்துக்குக் குளிர்காலத்தில் பெரும்பாலும் திங்கட்கிழமை விடுமுறை. வெள்ளி மாலை வந்து சேர்பவர்களுக்கு ஆல்பெர்டினா என்ற கலை அருங்காட்சியகம் இரவு ஒன்பது வரை திறந்திருக்கும். ஓவியத்தில் ஒருவருக்குத்தான் ஆர்வம் என்றால், மற்றவர் இரண்டு மணி நேரம் காபி ஹவுஸில் புத்தகத்தோடு இருக்கட்டும். எதையும் சேர்ந்தேதான் செய்ய வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும்போதுதான் சண்டை வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். பரிசோ சாக்லேட்டோ வாங்குவதைச் சனிக்கிழமையே முடித்துவிடுங்கள். பெரிய ரயில் நிலையங்களில் சூப்பர் மார்க்கெட் மட்டும் இருக்கும். நகரப் பயண டிக்கெட் விமான நிலையம் வரை செல்லாது, கூடுதல் டிக்கெட் எடுக்க வேண்டும். ஞாயிறு மாலை விமானம் என்றால் பெட்டியைத் தலைமை ரயில் நிலையத்தின் லாக்கரில் வைத்துவிட்டு, நடந்தே மேல் பெல்வெடேர் அரண்மனைக்குப் போகலாம். கிளிம்ட்டின் முத்தம் ஓவியம் அங்கேதான் இருக்கிறது. நேரம் குறித்த டிக்கெட்டை முன்பே எடுத்து வையுங்கள். திரும்பி வந்து பெட்டியை எடுத்தால், அங்கிருந்தே விமான நிலையத்துக்கு ரயிலில் கால் மணி நேரம்தான்.