"உங்க மேலயும் தப்பு இருக்கே" என்று இன்சூரன்ஸ் வக்கீல் ஆரம்பித்தால்

மதுரை கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாகப் பல வருஷம் ஓட்டியாச்சு. விபத்து கேஸ் கட்டோடு வருகிறவர்களில் பாதிப் பேர் முதலில் கேட்பது, "அண்ணே, எங்க மேலயும் கொஞ்சம் தப்பு இருக்கு, காசு கிடைக்குமா?" என்பதுதான். கிடைக்கும். எவ்வளவு என்று பார்க்கும் முன்னால், வண்டியை ஓட்டியது யார், பின்னால் உட்கார்ந்திருந்தது யார் என்று சொல்லுங்கள்.

அலங்காநல்லூர் ரோட்டில் ராத்திரி ஒரு கரும்பு டிராக்டர் பஞ்சராகி நிற்கிறது என்று வையுங்கள். ட்ரெய்லரில் பின் விளக்கு கிடையாது, ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரில் சேறு அப்பியிருக்கிறது, டிரைவர் ஒரு வேப்பங்கொப்பை ஒடித்துப் பத்தடி பின்னால் போட்டுவிட்டு ஜாக்கி தேடிப் போய்விட்டார். பைக்கில் புருஷனும் பொண்டாட்டியும் கொஞ்சம் வேகமாக வந்து மோதிவிடுகிறார்கள். இரண்டு பேருக்கும் கால் முறிவு.

விபத்து ஒன்றுதான், ஆனால் கணக்கு இரண்டு. புருஷன் அடிபட்டதற்கு அவரும் ஒரு காரணம், அதனால் அவர் பங்கைக் கழிப்பார்கள்: இழப்பீடு 10 லட்சம், அவர் தப்பு 30 சதவீதம் என்று விபத்து கேஸை விசாரிக்கும் தீர்ப்பாயம் முடிவு செய்தால் கைக்கு வருவது 7 லட்சம். இதுதான் காண்ட்ரிபியூட்டரி நெக்லிஜன்ஸ். மனைவி எதையும் ஓட்டவில்லை, புருஷன், டிராக்டர் டிரைவர் இரண்டு பேருடைய கவனக்குறைவும் சேர்ந்து அவரைக் கீழே தள்ளியது, எனவே அவருக்கு இது காம்போசிட் நெக்லிஜன்ஸ். முழுத் தொகையையும் இரண்டு தரப்பில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று 2015-இல் கென்யெய் வழக்கில் சுப்ரீம் கோர்ட் தெளிவாகவே சொல்லிவிட்டது. கொடுத்தவர் மற்றவரிடம் பிறகு வசூலித்துக்கொள்ளட்டும், அது அவர்கள் பாடு. "வீட்டுக்காரர் பங்கைக் கழிச்சுக்கலாம்மா" என்று இன்சூரன்ஸ் தரப்பில் சமரசப் பேச்சில் சொல்வார்கள், நம்ம ஆட்களும் தலையாட்டிவிடுவார்கள். ஆட்டாதீர்கள்.

ஒரு சின்னக் கண்ணி உண்டு. பைக்குக்கு வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால், பின்னால் உட்கார்ந்தவருக்குப் பொதுவாக அதில் காசு வராது. எல்லாம் சேர்ந்த பேக்கேஜ் பாலிசியாக இருக்க வேண்டும். அதனால் மனு போடும்போது டிராக்டர் தரப்பை விட்டுவிடாதீர்கள். முடிந்தால் இரண்டு தரப்பையுமே எதிர்மனுதாரராகச் சேர்ப்பது நல்லது, யார் பங்கு எவ்வளவு என்பதும் அங்கேயே தீர்ந்துவிடும்.

உங்கள் மேல் தப்பு என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். ஆனாலும் சும்மா இருக்க முடியாது. போலீஸில் புகார் எழுதும்போது வலியில் "நின்ற டிராக்டரில் மோதினேன்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள், அந்த வரியைத்தான் குறுக்கு விசாரணையில் திரும்பத் திரும்பப் படித்துக் காட்டுவார்கள். விளக்கு இல்லாதது, வண்டி தார் ரோட்டின் மேலேயே நின்றது, எல்லாம் உள்ளபடி எழுதுங்கள். ஆபத்தாக வண்டியை நிறுத்திவிட்டுப் போவது மோட்டார் வாகனச் சட்டம் 122-ஆம் பிரிவுப்படியே தவறு. கொப்பையும் சேர்த்துப் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் "எச்சரிக்கை வைத்திருந்தோமே" என்று அவர்கள் அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். பத்தடியில் கிடந்த கொப்பு இருட்டில் யாருக்குத் தெரியும் என்று நாம் கேட்கலாம். போலீஸ் வரையும் ரஃப் ஸ்கெட்ச், வாகன ஆய்வாளர் அறிக்கை, ஆஸ்பத்திரியில் விபத்துக் காயத்தைப் பதிவு செய்யும் ஏ.ஆர். காப்பி மூன்றையும் வாங்கிவிடுங்கள்.

ஹெல்மெட் போடவில்லை, லைசென்ஸ் இல்லை, ஒரே பைக்கில் மூன்று பேர் ஏறிப் போனார்கள் என்று அடுக்குவார்கள். அபராதம் வேறு, காரணம் வேறு. அந்தத் தப்பால்தான் விபத்து நடந்ததா, அல்லது காயம் கூடியதா என்பதுதான் கேள்வி. கால் முறிந்ததற்கும் ஹெல்மெட்டுக்கும் என்ன சம்பந்தம்? லைசென்ஸ் இல்லாதது மட்டுமே கவனக்குறைவு ஆகாது என்று 2008-லும், மூன்று பேர் போனது மட்டுமே ஆகாது என்று 2020-லும் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. தலைக் காயம் என்றால் ஹெல்மெட் பேச்சு எடுபடும், அதை மறைத்துப் பிரயோஜனமில்லை.

அப்புறம் நாள் கணக்கு. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள திருத்தப்படி விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். கட்டு பிரிக்கட்டும், பிளேட் எடுக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். சதவீதம் அநியாயமாகப் போட்டுவிட்டால் 90 நாளுக்குள் ஒத்தக்கடை ஹைகோர்ட் கிளையில் மேல்முறையீடு செய்யலாம்.