சூழலியல் பட்டமும் கோ-ஆப் பணியும்: முதலில் பருவத்தைப் பாருங்கள்

கோ-ஆப் முறையில் சூழலியல் படிக்கப் போகிறீர்களா? படிப்பு ஒரு பருவம், சம்பள வேலை ஒரு பருவம் என்று மாறி மாறி வரும். 1906-இல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் பொறியியல் மாணவர்களுக்காகத் தொடங்கிய முறை இது. இயந்திரத்துக்குக் கோடை, குளிர் கிடையாது. தவளைக்கும் பறவைக்கும் உண்டு. சூழலியல் மாணவர் திட்டமிடும்போது கவனிக்க வேண்டியது இதைத்தான்.

பூக்கும் காலம், கூடு கட்டும் காலம், வலசைக் காலம் இவற்றை ஒட்டித்தான் களவேலைகள் கிடைக்கும். களப்பயிற்சிப் பாடங்களும் பெரும்பாலும் அதே மாதங்களில்தான் நடக்கும். இரண்டும் மோதினால் ஒன்றை இழப்பீர்கள். அதனால் முதலாண்டிலேயே நான்கைந்து ஆண்டுகளுக்கான அட்டவணையைப் போட்டு, எந்தப் பாடம் எந்தப் பருவத்தில் மட்டும் நடக்கிறது, அதற்கு முன் எதை முடித்திருக்க வேண்டும் என்று குறித்துவிடுங்கள். பிறகு பாட ஆலோசகரிடம் ஒருமுறை காட்டுங்கள்.

களவேலைக்குப் பல மாதங்கள் முன்பே ஆள் எடுத்துவிடுவார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். புள்ளியியல், தரவுகளை அலசப் பயன்படும் ஆர் (R) என்ற நிரல்மொழி, வரைபடத் தரவுகளைக் கையாளும் ஜிஐஎஸ் (GIS) ஆகிய மூன்றையும் முதல் பணிக்கு முன்பே ஓரளவு கற்றுவிட்டால் நல்லது. ஓட்டுநர் உரிமமும் முதலுதவிச் சான்றிதழும் பல இடங்களில் கேட்பார்கள்.

அப்புறம், எல்லாப் பணியையும் களத்திலேயே எடுக்காதீர்கள். ஒன்றாவது ஆய்வகத்திலோ தரவுப் பகுப்பாய்விலோ இருக்கட்டும். களமில்லாத மாதங்கள் அதற்குத்தான் தோது.